டார்க் சன்னை இன்று ஆட எந்த ரூல்ஸ்?

டார்க் சன் என்பது, ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பாலைவன உலகம். அதில் ஒரு கேம்பெய்ன், அதாவது பல அமர்வுக்கு நீளும் தொடர்கதை நடத்த ஆசை, எந்த ரூல்ஸ் எடுக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், உங்கள் குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எடுங்கள் என்பதுதான். மற்ற உலகங்களுக்கு இந்தப் பதில் போதும். அதே விளையாட்டின் இன்னொரு உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸை எந்தப் பதிப்பில் ஆடினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. காடு, கோட்டை, குகை, டிராகன் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். டார்க் சன் அப்படி இல்லை. அதன் உலகமான அத்தாஸில் தண்ணீர், இரும்பு, நிழல், பச்சை இலை எதுவுமே சும்மா கிடைக்காது, மந்திரம் போட்டால்கூட சுற்றியிருக்கிற செடிகொடி அதற்கு விலை கொடுக்கும். அதனால் ஒரு விதிப்புத்தகத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அது எதையெல்லாம் இலவசமாக அள்ளிக் கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி என்பது என் கட்சி. த்ரீ-கிரீன் என்கிற பூச்சி இனத்துக்கு ஸ்டாட்ஸ் (திறன் எண்கள்) எழுத ஒரு சாயங்காலம் போதும். ஆட்டக்காரர் கையில் ரூல்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டதைப் பிடுங்குவதுதான் பெரும்பாடு.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டார்க் சன் 1991-ல் டிஎஸ்ஆர் நிறுவனம் ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) இரண்டாம் பதிப்புக்காக வெளியிட்ட பெட்டி. டிமோத்தி பிரவுன், ட்ராய் டென்னிங் ஆகியோரின் வடிவமைப்பு, ப்ரோமின் ஓவியங்கள். அந்த ஓவியங்கள் இல்லாமல் இந்த உலகம் பாதிதான். கடவுள்கள் கிடையாது, பூசாரிகள் நிலம், நீர், காற்று, நெருப்பு ஆகிய பூதங்களை வணங்குகிறார்கள். டைர், யூரிக், ராம், டிராஜ், நிபெனே, குல்க், பாலிக் என்று ஏழு நகர அரசுகள், ஒவ்வொன்றையும் சாகாவரம் வாங்கியதுபோல உட்கார்ந்திருக்கும் ஒரு சூனிய அரசரோ அரசியோ ஆள்கிறார். அவர்களுக்கு வரி வசூலிக்கவும் ஆளை அடிக்கவும் டெம்ப்ளர்கள். செடிகொடியின் உயிரை உறிஞ்சி நிலத்தைச் சாம்பலாக்கும் மந்திரவாதிக்கு டிஃபைலர் என்று பெயர், பார்த்துப் பதமாக எடுப்பவர் பிரிசர்வர். டிஃபைலர்கள் ஆயிரக்கணக்கான வருடம் செய்த வேலைதான் இந்தப் பாலைவனம்.

பழைய பெட்டியையே எடுத்து ஆடினால் என்ன? நிறைய பேர் இதை யோசிக்காமலே தள்ளிவிடுகிறார்கள், நான் அவ்வளவு சீக்கிரம் தள்ள மாட்டேன். அந்தப் பெட்டியில் விதியும் உலகமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். உலோகம் இல்லாத பொருளுக்கெல்லாம் விலைப்பட்டியலில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான் விலை, உலோகத்துக்கு மட்டும் அப்படியே பழைய விலை. நாணயமோ சுட்ட களிமண், நூறு களிமண் காசு சேர்ந்தால் ஒரு தங்கக் காசு. மற்ற உலகத்தில் 15 தங்கக் காசுக்கு யாரும் யோசிக்காமல் வாங்கும் லாங்ஸ்வோர்ட் இங்கே 1500 களிமண் காசு. ஒரே ஒரு வரி விதி, அவ்வளவுதான், இரும்பு வாள் வைத்திருக்கிறவனைப் பார்த்தால் ஆட்டக்காரர் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்துவிடுவார். எலும்பு, கல், மரம் இவற்றால் செய்த ஆயுதத்துக்குத் தாக்குதலிலும் சேதத்திலும் கழித்தல் உண்டு, உடையவும் செய்யும். கேரக்டர்கள் மூன்றாம் லெவலில் தொடங்குகிறார்கள், ஸ்கோர்களுக்கு ஐந்து நான்குமுகப் பகடை, அப்படியும் செத்துப்போவார்கள் என்று தெரிந்தே ஒவ்வொருவருக்கும் நான்கு கேரக்டர் வைத்துக்கொள்ளச் சொல்கிறது பெட்டி. ஒன்று களத்தில், மூன்று காத்திருப்பில். களத்தில் இருப்பவர் லெவல் ஏறினால் காத்திருப்பவர்களில் ஒருவரும் ஏறலாம். கேரக்டர் ட்ரீ என்று பெயர். 1991-க்கு அது அபாரமான யோசனை, இன்றைக்கும் எந்த ரூல்ஸ் எடுத்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

அதோடு டிஃபைலருக்கு அங்கே ஒரு வெளிப்படையான லஞ்சம் இருக்கிறது. பிரிசர்வரைவிடக் குறைந்த அனுபவப் புள்ளியிலேயே லெவல் ஏறிவிடுவார். கெட்ட வழி வேகமான வழி என்பதை ஒரு அட்டவணையே சொல்லிவிடுகிறது.

அப்புறம் ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்? தாக்கோ என்கிற பழைய தாக்குதல் கணக்கு. கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்பதை இன்று புதிதாக வருபவருக்கு விளக்குவதற்குள் டீ ஆறிவிடும். சயானிக்ஸ் (மனோசக்தி) விதிகள் தனிப் புத்தகத்தில், தனிக் கணக்கில் ஓடுகின்றன, அதுவும் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஏதாவது ஒரு மனோசக்தி உண்டு என்று வைத்துவிட்டதால் அந்தக் கணக்கிலிருந்து யாரும் தப்ப முடியாது. டிஃபைல் செய்யும்போது எவ்வளவு தூரம் நிலம் கருகும் என்பதற்கு நிலவகையும் மந்திரத்தின் லெவலும் பார்க்கும் அட்டவணை இருக்கிறது; கற்பனையில் பிரமாதம், மேசையில் நான்கு பேர் டிஎம்மின் (ஆட்டத்தை நடத்துபவரின்) முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழைய விதிகளில் ருசி கண்ட குழு என்றால் தாராளமாகப் போங்கள், வேறு எதுவும் தேடவேண்டாம். மற்றவர்களுக்கு அந்தப் பெட்டி உலகத்தைப் படிக்க மட்டும். பிடிஎஃப்பாக இன்றும் விற்கிறார்கள்.

சரி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. பெரும்பாலான குழுக்களுக்குத் தெரிந்தது இதுதான், இதற்கு டார்க் சன் கையேடு என்று ஒன்று வரவில்லை. சயானிக்ஸுக்காக மிஸ்டிக் என்ற வகுப்பை (வகுப்பு என்றால் கேரக்டரின் தொழில்) 2017-ல் சோதனைக்கு விட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். பிறகு 2020-ல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற விதிப்புத்தகத்தில் சை வாரியர், சோல்நைஃப் போன்ற உட்பிரிவுகள் வந்தன. இணையத்தில் ரசிகர்கள் எழுதிய மாற்றங்கள் ஏராளம், பெரும்பாலானவை இனங்களையும் வகுப்புகளையும் பக்கம் பக்கமாகச் சேர்க்கின்றன. கோளாறு அங்கே இல்லை என்பதுதான் என் வாதம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பின்படி ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், வெயில் கடுமையாக இருந்தால் இரண்டு. ஐந்து பேர் கொண்ட குழு அத்தாஸின் வெயிலில் நடக்கிறது, ஆகப் பத்து கேலன். ஏறக்குறைய 38 லிட்டர், நம்மூர்க் குடத்தில் இரண்டரைக் குடம் வரும். இதைச் சுமப்பது, திருடுவது, காவல் காப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது என்று சண்டை போடுவது, இதெல்லாம்தான் டார்க் சன் கதையே. இப்போது முதல் லெவல் பூசாரியின் கையிலிருக்கும் கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர் மந்திரத்தைப் படியுங்கள். பாத்திரம் இருந்தால் பத்து கேலன் தண்ணீர். செலவு ஒரே ஒரு முதல்நிலை ஸ்லாட் (நாளுக்கு இத்தனை என்று அளந்து கொடுக்கும் மந்திர வாய்ப்பு). காலையில் எழுந்து பல் விளக்குவதற்குள் மொத்தக் கேம்பெய்னின் ஆதாரப் பிரச்சினையும் தீர்ந்தது. இயற்கைப் பூசாரியான ட்ரூயிட் இருந்தால் குட்பெர்ரி மந்திரம் வேறு, பத்துப் பழம், ஒரு பழம் ஒரு நாளுக்கான சத்து. 2014 புத்தகத்தின் அவுட்லேண்டர் பின்புலம் எடுத்தவர் தன்னோடு இன்னும் ஐந்து பேருக்குத் தினமும் சோறு தண்ணி தேடிக் கொண்டுவந்துவிடுவார். அந்த நிலத்தில் அதெல்லாம் கிடைத்தால்தான் என்று ஒரு நிபந்தனை இருப்பது டிஎம் செய்த புண்ணியம்.

இன்னொரு இலவசம் கேன்ட்ரிப், ஸ்லாட் செலவில்லாத குட்டி மந்திரம். ஃபயர் போல்ட் என்கிற நெருப்பு வீச்சை ஆறு நொடிக்கு ஒருமுறை நாள் முழுக்க வீசலாம். ஒவ்வொன்றுக்கும் செடி கருகும் என்று வைத்தால் முதல் சண்டை முடிவதற்குள் சோலை காலி, கருகாது என்று வைத்தால் மந்திரத்துக்கு விலை உண்டு என்ற பேச்சே பொய். மூன்றாவது இலவசம் தூக்கம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) முழுசாகத் திரும்பிவிடும், நேற்று சாகக் கிடந்தவர் இன்று புது மாப்பிள்ளை.

இதையெல்லாம் வெட்டலாம், வெட்ட முடியாத சிஸ்டம் எதுவும் இல்லை. தண்ணீர் மந்திரத்தை நீர்ப் பூசாரிக்கு மட்டும் கொடுத்து, அளவையும் ஒரு ஆளுக்குப் போதுமான அளவாக்குங்கள். பழைய பெட்டியும் பூதத்துக்குப் பூதம் மந்திரங்களைப் பிரித்துத்தான் கொடுத்தது. ஓய்வுக்கு 2014 டிஎம் கையேட்டிலேயே கிரிட்டி ரியலிசம் என்று ஒரு மாற்று இருக்கிறது, சின்ன ஓய்வுக்கு எட்டு மணி நேரம், பெரிய ஓய்வுக்கு ஏழு நாள். அதைப் போட்டால் சோலையைக் கண்டுபிடிப்பதே பெரிய வெற்றியாகிவிடும். சேதம் தரும் கேன்ட்ரிப்களை எடுத்துவிட்டு மந்திரவாதிக்குக் கவண் கொடுங்கள். ஐந்தாம் பதிப்பின் ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். மந்திர ஆயுதம் கட்டாயம் இருக்கும் என்று அதன் கணக்கு எதிர்பார்ப்பதில்லை, எலும்புக் கோடரியோடு பத்தாம் லெவல் வரை போகலாம். கடும் வெயிலில் கனமான கவசம் போட்டவர் களைப்புக்கு எதிராக இரண்டு பகடையில் குறைந்ததை எடுக்க வேண்டும் என்ற விதியும் தயாராகவே இருக்கிறது. பிரச்சினை ஆட்டக்காரர்கள்தான். ஐந்தாம் பதிப்பு என்று சொல்லி அழைத்துவிட்டு, அவர்கள் ஆசையாகப் படித்துவந்த வகுப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் மூன்றாவது செஷனில் முகம் சுளிக்கும். முதலிலேயே ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் பதிப்பின் பெயரைச் சொன்னாலே சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். டார்க் சன் விஷயத்தில் 2010-ல் வந்த அந்தக் கையேடு, பழைய பெட்டிக்கு அடுத்தபடியாக இந்த உலகத்தை நன்றாகப் புரிந்துகொண்ட புத்தகம். டிஃபைலிங்கை ஒரு வகுப்பாக வைக்காமல் ஒரு சபலமாக மாற்றினார்கள். மந்திரவாதி தன் பெரிய தினசரி மந்திரத்தைப் போட்டுப் பகடை கவிழ்ந்தால் மறுபடி உருட்டலாம், அதற்கு விலையாக அருகிலிருக்கும் சொந்தக் கூட்டாளிகளுக்கே அடி விழும். யோசித்துப் பாருங்கள், பழைய முறையில் நிலம் கருகுவது டிஎம் சொல்லும் வர்ணனை, இங்கே பக்கத்து நாற்காலியில் இருக்கிற நண்பன் தன் தாளில் எண்ணை அழித்து எழுதுகிறான். முறைத்துக்கொண்டே எழுதுகிறான்.

ஆயுதம் உடைவதற்கும் அதே புத்திசாலித்தனம். தாக்கும் பகடையில் எண் ஒன்று விழுந்தால் தோல்வியை ஏற்றுக்கொள்ளலாம், அல்லது மறுபடி உருட்டலாம். உருட்டினால் எலும்பு ஆயுதம் எப்படியும் உடையும், உலோகம் என்றால் அந்த இரண்டாவது பகடை ஐந்துக்கு மேல் போகாவிட்டால் மட்டும் உடையும். உடைவது தண்டனை என்பது போய் ஆட்டக்காரரே எடுக்கும் முடிவாகிறது. தீம் என்று ஒன்றையும் சேர்த்தார்கள். கிளேடியேட்டர், டெம்ப்ளர், பாலைவன நாடோடி என்று வகுப்புக்கு மேல் ஒரு அடையாளம். மந்திரப் பொருள் இல்லாமலே எண்கள் சரிப்படும் உள்ளார்ந்த போனஸ் முறையும் உண்டு. கதைக்காலத்தையும் டைர் அரசன் கலாக் செத்த கையோடு நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பின் நாவல்களில் நடந்த கூத்தெல்லாம் இல்லை.

குறை என்றால் சண்டை. ஒரு மோதல் சுலபமாக ஒரு மணி நேரத்தை விழுங்கும், கட்டம் போட்ட வரைபடம் இல்லாமல் ஆட முடியாது. அந்தப் பதிப்புக்கு ஆதரவாக இருந்த இணையக் கருவிகளும் மூடப்பட்டுவிட்டன, கேரக்டர் தயாரிக்கக் கையால் எழுத உட்கார்ந்தால் ஒரு செஷன் போய்விடும். சண்டைக்காகவே ஆடும் குழு, மரத்துண்டும் மினியேச்சரும் வைத்திருக்கிற குழு என்றால் இதையே எடுங்கள். கிளேடியேட்டர் அரங்கக் கேம்பெய்னுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரிந்து இல்லை. மற்றவர்கள் டிஃபைலிங், ஆயுதம் உடைவது ஆகிய இரண்டு விதிகளை மட்டும் திருடிக்கொள்ளலாம்.

போட்டி விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை நிறைய பேர் சிபாரிசு செய்கிறார்கள். சைக்கிக் என்ற வகுப்பு 2022-ல் டார்க் ஆர்க்கைவ் புத்தகத்தில் வந்தது, ஆட்டமேட்டிக் போனஸ் ப்ரோக்ரஷன் என்ற மாற்று விதியைப் போட்டால் மந்திர வாள் இல்லாத உலகமும் ஓடும், மூன்று ஆக்‌ஷன் முறை அழகு. ஆனால் அங்கே லெவல் எண் எல்லாவற்றிலும் கூடிக்கொண்டே போகும். எட்டாம் லெவல் வீரனை முதல் லெவல் காவலர் இருபது பேர் சேர்ந்தும் ஒன்றும் செய்ய முடியாது. டார்க் சன்னிலோ சந்தையில் டெம்ப்ளர் விசில் அடித்தால் எத்தனை லெவல் ஆனாலும் வயிற்றைக் கலக்க வேண்டும். லெவலைக் கூட்டாமல் ஆடும் மாற்று விதியும் அவர்களிடம் உண்டு, உண்மை. ஆனால் ஒரு மாற்றுக்கு மேல் இன்னொரு மாற்று என்று போட்டுக்கொண்டே போனால் பாத்ஃபைண்டரை எடுத்ததன் லாபமான துல்லியக் கணக்கே போய்விடுகிறது.

எந்த உலகத்துக்கும் பொருந்தும் பொது விதியான சாவேஜ் வேர்ல்ட்ஸ்? வேகமாக ஓடும், சயானிக்ஸ் அடிப்படைப் புத்தகத்திலேயே இருக்கிறது, மாற்றும் வேலை எல்லாவற்றையும்விடக் குறைவு. பென்னி என்று கையில் கொடுக்கிற மறு உருட்டல் டோக்கன்கள்தான் இடிக்கின்றன. அத்தாஸில் இரண்டாவது வாய்ப்புக்கு ஏதாவது கருக வேண்டும். சினிமா மாதிரி அதிரடியாக நாலைந்து செஷன் மட்டும் ஆடப்போகிறீர்கள் என்றால் சந்தோஷமாக எடுங்கள்.

என் தேர்வு ஷேடோடார்க் என்ற தனி விளையாட்டின் விதிகள். கெல்சி டியோன் எழுதி 2023-ல் வந்தது. ஐந்தாம் பதிப்பு தெரிந்தவர் அரை மணியில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு எளிமை, அதே சமயம் பழைய விதிகளின் கடுமை. இதில் சயானிக்ஸ் இல்லை, முல் (மனிதன், குள்ளன் கலப்பினம்) இல்லை, அரை ராட்சதர் இல்லை, டார்க் சன்னுக்கென்று எதுவுமே இல்லை. இருந்தும் ஏன் என்றால், இது இலவசமாகக் கொடுப்பது ரொம்பக் குறைவு.

முதலில் சுமை. பலம் எவ்வளவோ அத்தனை பொருள், பலம் பத்துக்குக் கீழே என்றாலும் பத்து இடம். கவசம், கேடயம், ஈட்டி, கயிறு, உணவு என்று நிரப்பியபின் மிஞ்சும் நாலைந்து இடத்தில் தண்ணீர்ப்பை. புதையல் கிடைத்தால்? எதையாவது இறக்க வேண்டும், தண்ணீரையா ஆயுதத்தையா என்ற கேள்வி தானாக வரும், டிஎம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அடுத்து நேரம். ஷேடோடார்க்கில் ஒரு தீப்பந்தம் நிஜமான ஒரு மணி நேரம் எரியும், கடிகாரத்தை மேசையில் வைத்து ஆடுவார்கள். பாலைவனப் பயணத்துக்கு அந்தக் கடிகாரத்தைத் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் ஆளுக்கு ஒரு பை காலி. திட்டம் போடுகிறேன் பேர்வழி என்று நாற்பது நிமிடம் வாக்குவாதம் செய்கிற குழு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இடிபாடுகளுக்குள் இறங்கியதும் பழையபடி தீப்பந்தம்.

மந்திரம்தான் முக்கியம். ஷேடோடார்க்கில் ஸ்லாட் கிடையாது, மந்திரம் போட இருபது முகப் பகடை உருட்ட வேண்டும், இலக்கு பத்தோடு மந்திரத்தின் படிநிலை. தோற்றால் ஓய்வெடுக்கும்வரை அந்த மந்திரம் போச்சு. இந்தத் தோற்கும் இடத்தில்தான் டிஃபைலிங்கைச் செருக வேண்டும். ஒரு உதாரணம் பாருங்கள். டைரிலிருந்து தெற்கே போகும் பாதையில் ஒரு சின்னச் சோலை, நாலு புதர், ஒரு கிணறு, ஒரு மூதாட்டி அங்கே ஆடு மேய்ப்பதுபோல எர்ட்லுப் பறவைகளை மேய்த்துக்கொண்டிருக்கிறாள். கொள்ளைக்காரர்கள் வளைத்துவிட்டார்கள். மந்திரவாதி முதல் படி மந்திரம் போடுகிறார், தேவை பதினொன்று, விழுந்தது ஆறு, புத்திக்கு மூன்று கூட்டினால் ஒன்பது. தோல்வி. இப்போது டிஎம் ஒரே கேள்வி கேட்கலாம்: மறுபடி உருட்டுகிறாயா? உருட்டலாம், புதர்கள் நான்கும் சாம்பல், அந்த இடத்தில் இனி எதுவும் முளைக்காது, மூதாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஊரில் அவள் வாயை யார் மூடுவது? அத்தாஸில் மந்திரவாதி என்று தெரிந்தாலே கல்லால் அடிப்பார்கள். இரண்டாவது விதி, கருகிய இடத்தில் திரும்ப டிஃபைல் செய்ய முடியாது, வெறும் மணலில் ஆரம்பத்திலிருந்தே முடியாது. இதனால் செடி எங்கே இருக்கிறது என்று மந்திரவாதியே வரைபடத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

அனுபவப் புள்ளியும் ஒத்துவருகிறது. ஷேடோடார்க்கில் அரக்கனைக் கொன்றால் எதுவும் கிடையாது, புதையலுக்குத்தான் புள்ளி. ஒரு இரும்புக் கம்பியைப் பெரிய புதையலாகவும், யாருக்கும் தெரியாத ஒரு கிணற்றை அதைவிடப் பெரிய புதையலாகவும் கணக்கு வைத்தால் வேலை முடிந்தது. சாவு அடிக்கடி வரும், கேரக்டர் செய்யப் பத்து நிமிடம் போதும், எனவே நால்வர் கொண்ட கேரக்டர் ட்ரீ இங்கே சிரமமில்லாமல் உட்காரும். சயானிக்ஸுக்குத் தனி அமைப்பு எழுதப் போகாதீர்கள், ஆளுக்கொரு சின்ன மனோசக்தி, மந்திரத்தைப் போலவே பகடை, தோற்றால் ஓய்வுவரை இல்லை, செடி கருகாது. பூசாரிகளிடமிருந்து கடவுள் பெயர்களை எடுத்துவிட்டு பூதங்களைக் கொடுங்கள். டெம்ப்ளரை ஆட்டக்காரருக்குத் தரவேண்டாம், முதல் கேம்பெய்னுக்கு அவன் வில்லனாகவே இருக்கட்டும்.

இதிலும் ஒரு இழப்பு உண்டு. ஷேடோடார்க்கில் உச்ச லெவல் பத்து. டார்க் சன்னில் இருபதைத் தாண்டி மந்திரவாதியே டிராகனாக உருமாறும் பாதையெல்லாம் இருக்கிறது, சூனிய அரசர்களுக்கு நிகராக ஆட்டக்காரர் வளரும் கதை வேண்டுமென்றால் இது போதாது. அந்த ஆசை உள்ளவர்கள் வெட்டப்பட்ட ஐந்தாம் பதிப்புக்கே போகலாம். எத்தனை குழுக்கள் உண்மையில் அவ்வளவு தூரம் போகின்றன என்பது வேறு விஷயம்.

எந்த ரூல்ஸ் எடுத்தாலும் உட்காரும் முன் பேச வேண்டிய ஒன்று அடிமைமுறை. பெட்டியோடு வந்த குட்டி சாகசம் கேரக்டர்களை அடிமைகளாகத்தான் தொடங்குகிறது; அதே 1991-ல் தனியாக வந்த ஃப்ரீடம் சாகசத்தில் கலாக்கின் ஜிகுராட்டில் (படிப்படியாக உயரும் கோபுரம்) கல் சுமக்கிறார்கள். இந்த உலகத்தைத் திரும்ப வெளியிடத் தயங்குவதற்கு, இப்போது உரிமை வைத்திருக்கும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத் தரப்பே இந்த மாதிரி விஷயங்களைக் காரணமாகச் சொல்லியிருக்கிறது. எனக்கு அடிமைமுறையை நீக்கிய டார்க் சன் பல்லில்லாததாகத் தோன்றும், ஆனால் மேசையில் இருக்கும் ஐந்து பேருக்கும் அது சம்மதமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். சங்கிலியை அறுக்கும் கதை என்றால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஃப்ரீடத்தை ஆடுவதாக இருந்தால் ஒரு திருத்தம் அவசியம். அதில் கலாக்கை ஈட்டி எறிந்து கொல்வது டார்க் சன் நாவலின் கதாநாயகர்கள், உங்கள் ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். 1995-ல் வந்த திருத்திய பெட்டியில் இந்த நோய் இன்னும் முற்றிவிட்டது, நாவல்களில் முக்கால்வாசி முடிந்துபோன உலகத்தை ஆறிய சோறாகக் கொடுத்தார்கள். கலாக் உயிரோடு இருக்கும்போது தொடங்குங்கள், ஜிகுராட் பாதி கட்டியிருக்கட்டும், ஈட்டியை எறிவது யார் என்பதை உங்கள் குழுவே பார்த்துக்கொள்ளும்.